மூன்றாம் அறையில் இரண்டு பேர்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையிலிருந்து தங்குமிடம் தேடினேன். ஹாஸ்டலில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததே காதில் விழவில்லை. மூன்றரை மணிக்குக் கீழே போனபோது ரசமும் அப்பளமும் மட்டும் இருந்தன.

ஜப்பானுக்குப் போவது மூன்று பேர். சம்யுக்தா, ஜெனிட்டா, நான். சோழிங்கநல்லூர் ஆபீசில் ஒரே டீம். சம்யுக்தா எங்கள் டீம் லீட். ஆனால் வெளியில் அப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "ஃப்ரெண்ட்ஸ்டி நாம" என்பாள். விமான டிக்கெட் அவள் போட்டாள். விசா வேலையை ஜெனிட்டா பார்த்தாள். ஜப்பானிய மொழி கொஞ்சம் தெரியும் என்பதால் தங்குமிடம் என் பொறுப்பு. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். நாகோயாவில் எங்கள் கம்பெனிக்கு வேலை இருக்கிறது. அங்கே அனுப்பப்போகிறவர்களின் பட்டியல் அக்டோபரில் போகும்.

நம் ஊரில் அறைக்கு வாடகை. அங்கே தலைக்கு. இதைப் புரிந்துகொள்ளவே அரை நாள் ஆனது.

பார்த்தவரையில் மலிவானவை நான்கு வகை. பெண்கள் மட்டும் படுக்கும் பொது அறை, அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு திரை. அடுத்தது ஒருவர் மட்டும் ஊர்ந்து போய்ப் படுக்கும் பெட்டி. பிறகு ரயில் நிலையத்தை ஒட்டிய சின்ன ஓட்டல். அங்கே சூட்கேசைத் திறந்தால் குளியலறைக் கதவைத் திறக்க முடியாது என்று ஒருவர் புலம்பியிருந்தார். கடைசியாக, குடும்பமே நடத்தும் விருந்தினர் வீடு. பாய் பதித்த அறை, தரையில் மெத்தை, காலைச் சாப்பாடு. எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அனுப்பினேன்.

ஜெனிட்டா கட்டைவிரல் உயர்த்தும் படம் போட்டாள். சம்யுக்தா பார்த்துவிட்டாள், பதில் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கேன்டீனில் பேசி முடிவு செய்தோம். பெட்டிப் படுக்கையின் படத்தைக் காட்டினேன்.

"ஏட்டி, இது சவப்பெட்டி கணக்கா இருக்கு" என்றாள் ஜெனிட்டா. "எங்கம்மா பாத்தா தூத்துக்குடியில இருந்தே ஜெபம் பண்ணுவா."

சம்யுக்தா தன் போனை நீட்டினாள். வாகயாமா பக்கம் ஒரு கடலோரச் சிற்றூர். விருந்தினர் வீடு. ஜன்னல் நிறையக் கடல்.

"இதான். இதப் போடு. அஞ்சு நைட்."

"சம்யு, அது ரெண்டு பேர் ரூம். அந்த வீட்ல மூணு பேர் ரூமே இல்ல. பக்கத்து ஊர்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், மூணு பேருக்கு, விலையும்..."

"கடல் தெரியுமா?"

"தெரியாது. தண்டவாளம் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கொடைக்கானல்ல டபுள் ரூம்ல எத்தன பேர் படுத்தோம்? அஞ்சு! அந்த மேனேஜர் என்ன பண்ணாரு? ரெண்டு மெத்தையத் தூக்கிட்டு வந்து போட்டுட்டு, டீ வேணுமான்னு கேட்டாரு. எல்லா ஊர்லயும் மனுஷங்கதான் கோகி. நேர்ல போய் எக்ஸ்ட்ரா பெட் கேட்டுக்கலாம். உனக்குதான் பாஷை தெரியுமே" என்றாள் சம்யுக்தா.

பதிவுப் பக்கத்தில் விருந்தினர் பெயருக்கு இரண்டு கட்டங்கள். சம்யுக்தா, ஜெனிட்டா என்று நிரப்பினேன். ஒசாகாவில் முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பொது அறையில் மூன்று படுக்கை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அப்பாவிடம் ஆபீஸ் வேலையாகப் போவதாகச் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் மண்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

செப்டம்பர் 26, வெள்ளி. ஒசாகா

பொது அறையில் பன்னிரண்டு படுக்கை. என்னுடையது மேல் தட்டு, எண் 8. திரையை இழுத்தால் நான்கு பக்கமும் எனக்கு மட்டும். சின்ன விளக்கு, ஒரு கொக்கி, ஒரு பூட்டுப் பெட்டி. வீட்டிலும் ஹாஸ்டலிலும் எனக்கென்று இப்படி ஓர் இடம் இருந்ததில்லை. காலையில் ஒரு கொரியப் பெண் என் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன்.

சம்யுக்தா தூங்கவில்லை. கீழ்ப் படுக்கையில் யாரோ குறட்டை. "இனிமே இந்த மாதிரி இடம்லாம் போடாத, ப்ளீஸ்" என்றாள். சாரி சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

மூன்றரை மணி நேர ரயில். பிறகு நடை. வீட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் பைகளோடு என்னை நிற்கச் சொன்னார்கள். மூன்று பேராகப் போய் நின்றால் மிரண்டுவிடுவார்கள், முதலில் இரண்டு பேர் போய்ப் பேசுகிறோம் என்றாள் சம்யுக்தா. பேசவேண்டியது நானாயிற்றே என்று நினைத்தேன்.

வீடு இரண்டு மாடி, மரம். பின்னால் ஒட்டினாற்போல் மலை. முன்னால் சாலை, சாலைக்கு அப்பால் கடல்.

இருபது நிமிடம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள்.

"கேட்டியா?"

"கேக்கற மாதிரி இல்லடி" என்றாள் சம்யுக்தா. "அந்த வீட்டுக்காரம்மா பாஸ்போர்ட்ட வாங்கி ஜெராக்ஸ் எடுக்கறா. ரெண்டு டவல், ரெண்டு மெத்தை, வாசல்ல ஷூ வைக்க ரெண்டு தட்டு, எல்லாம் எண்ணி வெச்சிருக்கா. செவுத்துல போர்டு வேற."

"நான் பேசிப் பாக்கட்டுமா?"

"பேசி, முடியாதுன்னுட்டா? நைட் எங்க போவ? இப்ப அவ கிச்சன்ல இருக்கா. ஷூவக் கழட்டிக் கைல எடுத்துக்கோ."

"வேணாம் சம்யு, கேட்டுருவோம்" என்றாள் ஜெனிட்டா. "இல்லன்னா வேற எடம் பாப்போம். இதென்ன களவா?"

"லீவ் சீசன். எல்லாம் ஃபுல். கோகியே சும்மா இருக்கா, உனக்கு என்ன?"

பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு செய்ததும் நான்தானே.

ஷூக்களைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். ஏறும்போது அந்த போர்டைப் படித்தேன். தீயணைப்புத் துறை விதிப்படி, பதிவில் இல்லாதவர் மாடிக்கு வரக்கூடாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கார அம்மாவின் பெயர் மோரிதா. மரியாதைக்கு இங்கே பெயரோடு 'சான்' சேர்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாகத்தான் நடத்துகிறார். காலை ஏழு பத்துக்குச் சைக்கிளில் துறைமுகச் சந்தைக்குப் போகிறார், எட்டேகாலுக்குத் திரும்புகிறார். அதற்குள் நான் வெளியே போய்விட வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சமையலறையில் எண்ணெயில் ஏதாவது பொரியும் சத்தம் கேட்கும். அப்போது ஜெனிட்டா கைக்குட்டையை ஜன்னலில் கட்டுவாள். நான் உள்ளே வருவேன்.

கழிப்பறை வராந்தாவின் கோடியில். எட்டுத் தப்படி. மூன்றாவதில் பலகை முனகும், அதைத் தாண்டி மிதிக்க வேண்டும். குளிப்பது ஜெனிட்டாவின் நேரத்தில், அவள் பாதி, நான் பாதி.

அறையில் சுவரோடு ஒரு அலமாரி, தாளொட்டிய தள்ளுகதவு. பகலில் மெத்தைகளை மடித்து மேல்தட்டில் வைப்பார்கள். கீழ்த்தட்டு காலி. அதில்தான் படுக்கிறேன், திடீரென்று யாராவது வந்தால் என்று.

"உனக்குதான் பொட்டி புடிக்குமே" என்றாள் சம்யுக்தா. சிரிப்பு வந்தது. முழங்காலை மடித்தால் சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

மழை. மோரிதா சான் சந்தைக்குப் போகவில்லை. எனவே நானும் வெளியே போகவில்லை. அவர்கள் இருவரும் அருவி பார்க்கப் போனார்கள்.

பகல் முழுக்கக் கீழே அவர் குரல் கேட்டது. போனில் யாரிடமோ மீன் விலை, வானொலியோடு ஒரு சண்டை, பூனைக்கு ஒரு அதட்டல். எல்லாமே புரிகிறது! வகுப்பில் போடும் ஒலிப்பதிவைவிடத் தெளிவு. அலமாரிக்குள் உட்கார்ந்து மெல்லிய குரலில் பதில் சொல்லிப் பழகினேன். ஆமாம், விலை ஏறிவிட்டது. ஆமாம், மழை நிற்காது போலிருக்கிறது.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எட்டுத் தப்படி நடக்க வேண்டும்.

ஜெனிட்டா காலைத் தட்டிலிருந்து பொரித்த மீனைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். முள் எடுத்திருந்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

புயல் இந்தப் பக்கம் திரும்புகிறதாம். மோரிதா சான் ஜன்னலின் வெளிப்பலகைகளைச் சாத்த எங்கள் அறைக்கு வந்தார். பத்து நிமிடம். நான் அலமாரியில். பலகை ஒன்று சிக்கிக்கொண்டது. அவர் அதைத் திட்டினார். அவருடைய காலுறையின் ஓட்டை கதவிடுக்கில் தெரிந்தது. கை நீட்டினால் தொடலாம். எனக்குத் தும்மல் வந்தது. மூக்கை முழங்காலில் அழுத்திக்கொண்டேன்.

அவர் போனதும் அறை இருட்டாகிவிட்டது. கடல் இல்லை.

"போதும் சம்யு" என்றாள் ஜெனிட்டா. "அந்தப் பிள்ள மூஞ்சியப் பாரு. நான் கீழ போய்ச் சொல்லுதேன். திட்டுனா திட்டட்டும்."

"சொல்லு. அப்புறம் அவ போலீசக் கூப்பிடுவா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல, நாம பேர் குடுத்திருக்கோம். மாட்டப்போறது கோகி. இந்த நாட்டுல அவ பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தா நாகோயா அவ்ளோதான். லிஸ்ட்ல அவ பேரப் போட்டு நான்தான் அனுப்பணும். எனக்கு அக்கற இல்லன்னா நினைக்கற?"

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். "நீயாவது வாயத் தொறயேன்ட்டி."

இன்னும் இரண்டு நாள்தானே என்றேன். சம்யுக்தா சொன்னது என் நன்மைக்குத்தான்.

அக்டோபர் 1, புதன்

இதை ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்து. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து காற்று. வீடு முழுவதும் படகு போல அசைந்தது. பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. அதோடு வீட்டு வைஃபையும் போனது. எங்கள் போன்களில் வேறு இணைப்பு கிடையாது. ஊரெங்கும் ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். காற்று அதைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்தது.

இரண்டு மணிக்கு மேல் படியில் வேகமான காலடி. நான் அலமாரிக்குள் போனேன். சம்யுக்தா கதவை இழுத்து மூடினாள்.

மோரிதா சான் மழைக்கோட்டோடு வந்திருந்தார். சொட்டும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் போனில் மொழிபெயர்த்துக் காட்டுவார். இன்று அது வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஜப்பானிய மொழியிலேயே பேசினார். அலமாரிக்குள் எனக்குப் புரிந்தது.

பின்னால் உள்ள மலையிலிருந்து கல் உருளத் தொடங்கிவிட்டது. எல்லோரும் வெளியேற வேண்டும். பாஸ்போர்ட், தண்ணீர், வேறொன்றும் வேண்டாம். தீயணைப்பு வண்டி ஐந்து நிமிடத்தில் வரும். அது கடைசி வண்டி, அதற்குப் பிறகு சாலையை அடைத்துவிடுவார்கள்.

"ஓகே, ஓகே" என்றாள் சம்யுக்தா. "நோ ப்ராப்ளம். வீ ஸ்டே ரூம். தேங்க்யூ."

அவர் திரும்பச் சொன்னார், இன்னும் சத்தமாக.

"என்னட்டி சொல்லுதா?"

"ஜன்னலத் தொறக்காதீங்கன்னு சொல்றான்னு நினைக்கறேன். தலைய ஆட்டு."

மோரிதா சான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் தேடினார். "மவுண்டன்," என்றார். "மவுண்டன், டவுன்."

"மவுண்டனா? நோ நோ, டுடே நோ ட்ரெக்கிங்!" என்றாள் சம்யுக்தா. சிரித்தாள்.

கீழே ஹாரன் அடித்தது. கீழேயிருந்து ஓர் ஆண் குரல், மேலே எத்தனை பேர் என்று கேட்டது. மோரிதா சான் படிப்பக்கம் திரும்பிக் கத்தினார்: "மூன்றாம் அறையில் இரண்டு பேர்! வர மறுக்கிறார்கள்!"

அந்த நொடியில் நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் மலையை நினைக்கவில்லை. நாகோயாவை நினைத்தேன். இவர் கீழே போகட்டும், நான் மெதுவாக இவர்களிடம் சொல்கிறேன், இவர்கள் ஓடிப்போய் வண்டியில் ஏறட்டும். நான் இருந்துகொள்கிறேன். யாருக்கும் தெரியாது. இதுவும் ஒரு நல்ல வழியாகத்தான் தோன்றியது. அப்புறம்தான் அந்த வழியில் நான் எங்கே இருப்பேன் என்று பார்த்தேன். அலமாரியின் பின்பலகை முதுகில் அதிர்ந்தது. அந்தப் பக்கம்தான் மலை.

காலடி முதல் படியில் இறங்கியது.

கதவைத் தள்ளினேன். மெத்தை உறை காலில் சிக்கி, தவழ்ந்துதான் வெளியே வந்தேன்.

"சுமிமாசேன்," என்றேன். மன்னிக்க வேண்டும் என்று அர்த்தம். வகுப்பில் முதல் நாள் கற்றது. "புரிந்தது. போகிறோம். மூன்று பேர் இருக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். ஜெனிட்டாவைப் பார்த்தார். ஹாரன் மறுபடி அடித்தது. பிறகு படிக்குக் குனிந்து கத்தினார்:

"தவறு! மூன்று பேர்! மூன்றாம் அறையில் மூன்று பேர்!"

நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். ஜெனிட்டா "யேசுவே" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சம்யுக்தா தன் சூட்கேசைத் தேடினாள். மோரிதா சான் அதைக் காலால் தள்ளிவிட்டார்.

வண்டியில் அவர் என் எதிரே உட்கார்ந்தார். முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பாதி வழியில் பேசினார். கோபமாகத்தான். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மலை விழுந்திருந்தால் எத்தனை பேர் என்று என்னிடம்தான் கேட்பார்கள். இரண்டு என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேரை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தியிருப்பார்கள்."

மண்டபத்தில் ஆளுக்கொரு அட்டைப் படுக்கையும் போர்வையும் கொடுத்தார்கள். சம்யுக்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்:

"எங்ககிட்ட மெதுவா சொல்லியிருக்கலாம்ல? நாங்க எறங்கிப் போயிருப்போம். நீ பின்னாடியே வந்திருக்கலாம்."

"பின்னாடி எதுல வருவா?" என்றாள் ஜெனிட்டா. "அதான் கடைசி வண்டின்னு சொல்லுதாளே. எதுலட்டி வருவா?"

அக்டோபர் 2, வியாழன்

மலை விழவில்லை. கொல்லையில் நாலைந்து கற்கள், ஓடு கொஞ்சம் பறந்திருந்தது, அவ்வளவுதான். வீடு அப்படியே நிற்கிறது. காலையில் வண்டியிலிருந்து இறங்கியதும் சம்யுக்தா அதை நிதானமாகப் பார்த்தாள்.

"பாத்தியா. ஒண்ணும் ஆகல."

"ஆமா" என்றேன்.

பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கீழே வந்தோம். மோரிதா சான் வரவேற்பு மேசையில் தடித்த பதிவேட்டையும் ஒரு படிவத்தையும் எடுத்து வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது. என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். நகல் எடுத்தார். படிவத்தில் பெயர், ஊர், பாஸ்போர்ட் எண் எழுதினேன். அடுத்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"எந்தத் தேதியிலிருந்து?"

சம்யுக்தா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தபடியே என்னிடம் தமிழில் பேசினாள். "நேத்துன்னு எழுது. புயலுக்கு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஒதுங்க வந்தேன்னு சொல்லு. ஒரே நாள். அவளுக்கும் பிரச்சனை இல்ல, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. யாருக்கும் தெரியப்போறதில்ல."

நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கோகி. நான் ஊருக்குப் போனதும் லிஸ்ட் அனுப்பணும். யோசிச்சு எழுது."

ஜெனிட்டா பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "நீ என்ன எழுதுனாலும் நான் உன்கூடத்தான் நிப்பேன்ட்டி" என்றாள், தரையைப் பார்த்து.

மோரிதா சானுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. நேற்று என்று எழுதினால் ஒத்துக்கொள்வார் என்றே தோன்றியது. அவருக்கும் அது வசதிதான். வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் நாலு ராத்திரி படுத்திருந்ததை அவர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

செப்டம்பர் 27 என்று எழுதினேன்.

அவர் படித்தார். பதிவேட்டைத் திருப்பி 27-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்தார். மூன்றாம் அறை, 2 என்று இருந்தது. அளவுகோலை வைத்து அதன் மேல் இரண்டு கோடு போட்டார். பக்கத்தில் 3 என்று எழுதினார். சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சின்ன முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, திருத்தத்தின் மேல் வைத்து அழுத்தினார். இங்கே ஒரு எண்ணை அடித்து எழுதினால்கூட அடித்தவர் முத்திரை வைக்க வேண்டும். பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். எனக்கு முத்திரை இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இருபத்தேழு, மூன்று பேர்" என்றார்.

"ஹை" என்றேன். ஆமாம்.

"இருபத்தெட்டு, மூன்று பேர்."

"ஹை."

இருபத்தொன்பதாம் தேதிக்கு வந்தபோது சம்யுக்தா சூட்கேசை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். சக்கரம் வாசல்படியில் இடித்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"முப்பது, மூன்று பேர்."

நான்காவது கையெழுத்தைப் போட்டேன். மை காயட்டும் என்று மோரிதா சான் பதிவேட்டை மூடாமல் வைத்திருந்தார். இதன் நகல் நகராட்சி அலுவலகத்துக்குப் போகும், கட்டாயம், அதைத் தன்னால் தடுக்க முடியாது என்றார். தெரியும் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன்.

"மேலே மூன்றாவது பலகை முனகுகிறது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார்.